உயரம் வேறு, நெருக்கம் வேறு

"கடைக்கு மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்பினால் என்ன?" கொட்டகலையில் வியாபாரிகள் நாம் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. கட்டட உயரத்திற்கு ஏன் எல்லை வைக்கிறார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது.

காலிக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பழைய ஓட்டுக் கூரைகளை மறைத்து அங்கே நினைத்தபடி மாடி எழுப்ப முடியாது. காணியும் கூடாது, மாடியும் கூடாது. கேள்வி மட்டும் கூடியது. சுற்றுலா வளர வீட்டு விலை ஏறியது. பரம்பரையாக வாழ்ந்த பலர், எமது சமூகத்தவர் உட்பட, விற்றுவிட்டு வெளியேறினர். வீடுகள் ஹோட்டல்களாயின. சட்டம் சுவரைக் காத்தது; குடியிருந்தவரைக் காக்கவில்லை.

மலையகத்தில் காரணம் மண்சரிவு. சரிவை வெட்டி, பாரமேற்றி, மழைநீர் ஓடும் வழியை அடைத்தால் மலை தாங்காது. எனவே அபாயமுள்ள இடங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கிறார்கள்.

ஆனால் தாழ்ந்த கட்டடமெல்லாம் பாதுகாப்பானதல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணில் புதைந்தவை மாடி வீடுகளல்ல, லயன்கள். ஒரே தட்டு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பம். உயரமில்லை, நெருக்கமோ சொல்லி முடியாது.

ஆகவே அறிக்கை பெறாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். உயர எல்லை விதிக்கும் சபையிடமும் ஒன்றைக் கேளுங்கள்: மேலே இடமில்லாத மக்களுக்குப் பாதுகாப்பான காணி எங்கே?