வகுப்பறைக்கு வந்த காணி உறுதி

சரித்திரப் பாடம் என்றால் எங்களில் பலருக்கு ஆண்டுகளைப் பாடமாக்கி ஒப்புவித்ததுதான் ஞாபகம் வரும். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது. 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். சோதனை முடிந்ததும் எல்லாம் மறந்துபோகும். நானும் அப்படித்தான் படித்தேன். அந்தப் பாடத்துக்கும் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் காணி உறுதிக்கும் தொடர்பு உண்டென்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

குடும்பங்களைச் சந்திக்கும் வேலையாக நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலைக்குப் போய்வருவதுண்டு. அங்கு பத்தாந்தர சரித்திர ஆசிரியை ஒருவர் அந்நியர் ஆட்சிக் காலத்தைப் புது விதமாகக் கற்பிக்கத் தொடங்கினார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "வகுப்பறையிலுள்ள பொருட்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லுங்கள்" என்றார். யன்னல், மேசை, கதிரை, அலுமாரி என்று பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். நான்கும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். எங்கள் அம்மம்மாமார் சொல்லும் 'கந்தோர்' ஒல்லாந்தச் சொல். அடுத்த நாள் ஒரு பையன் தோட்டம் கொத்தும்போது கிடைத்த செப்புத் துட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அந்தத் துட்டு கை மாறி வகுப்பு முழுவதும் சுற்றி வந்தது.

மூன்றாம் வாரம் 'தோம்பு' எழுதும் பாடம். தோம்பு என்பது காணியையும் அதற்குரியவரையும் பதிந்த ஏடு. வரி அறவிடுவதற்காகப் போர்த்துக்கேயர் தொடங்கினர். ஒல்லாந்தர் அதை விரிவாக்கினர். பிள்ளைகள் சிலர் கம்பனி அதிகாரிகளாகவும், சிலர் உடையார்களாகவும், மற்றவர்கள் குடிமக்களாகவும் பிரிந்து நின்றார்கள். குடிமக்கள் தங்கள் வளவின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவற்றைச் சொல்ல அதிகாரிகள் எழுதினார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கும் அன்று பாடமானது. வரி எவ்வளவு என்று அதிகாரி சொன்னதும் குடிமக்கள் பக்கத்தில் சத்தம் எழுந்தது. "எங்கட காணிக்கு நாங்கள் ஏன் கட்ட வேணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஆசிரியை எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான்.

இந்தப் பாடத்துக்காக வீட்டிலுள்ள பழைய உறுதியின் நகலைக் கொண்டுவரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். எனக்கு அது கவலையாக இருந்தது. எத்தனை பிள்ளைகளின் வீட்டில் உறுதி இருக்கிறது? ஆசிரியையிடம் அதைச் சொன்னேன். "உறுதி இல்லாதவர்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டு எழுதி வரலாம்" என்று அவர் மாற்றினார்.

மாணவி ஒருத்தி கொப்பித் தாளில் படம் கீறி வந்தாள். கிழக்கே ஒழுங்கை, வடக்கே பெரியப்பாவின் வளவு, மேற்கே கோயில் காணி, தெற்கே பனை வடலி. அவளுடைய அம்மா 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது ஏழு வயது. நலன்புரி நிலையத்தில் இரவு வேளைகளில் அவருடைய தாய் காணியின் எல்லைகளைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்குவித்தாராம். பின்னர் அந்தக் காணியே அவருக்குச் சீதனமானது. சீதன உறுதி 2009 இல் வன்னியில் ஓடும்போது தொலைந்தது. கணவரும் அந்த ஆண்டிலேயே காணாமற்போனார்.

அந்தத் தாயைச் சந்திக்கச் சென்றேன். "அவள் கேட்டாள், சொன்னன் மிஸ். இதெல்லாம் படிப்பெண்டு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றையும் கேட்டார். காணியில் இரண்டு பரப்பை விற்று வீட்டைக் கட்டி முடிக்க அவருக்கு விருப்பம். ஆனால் புருஷனின் கையெழுத்து வேண்டும் என்கிறார்களாம். "இல்லாத மனுசனிட்ட எங்க போய்க் கையெழுத்து வாங்கிறது?"

அடுத்த பாடத்துக்கு அந்தக் கேள்வியையே ஆசிரியை எடுத்துக்கொண்டார். எங்கள் முன்னோரின் வழமைகளை யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றனர். 1707 இல் அது தேசவழமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806 இல் அதை ஏற்றுக்கொண்டனர். 1840 இல் வந்த கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்றது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசைவற்ற சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது.

"அந்தப் பன்னிரண்டு பேரில ஒரு பொம்பிளையும் இல்லையா, ரீச்சர்?" என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. இல்லை என்றார் ஆசிரியை. வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. சமூகவியல் படித்தபோது நான் பல பக்கங்களில் வாசித்த விடயத்தை அந்தப் பிள்ளை ஒரு வரியில் கேட்டுவிட்டது.

அதே 1911 சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாமல் இருந்தாலோ, காரணமின்றிச் சம்மதம் தர மறுத்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அனுமதி கேட்கலாம். இதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொன்னேன். தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடுவதற்கும், சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை பெறுவதற்கும் அவருடன் கூடப் போனேன். வேலை இன்னும் முடியவில்லை. ஆனால் "கையெழுத்து இல்லாட்டி ஒண்டும் ஏலாது" என்று இருந்தவர், இப்போது அடுத்த தவணை எப்போது என்று கேட்கிறார்.

சகோதரிகளே, பிள்ளை சரித்திரப் புத்தகத்தோடு வந்து ஏதாவது கேட்டால், "எனக்குத் தெரியாது, ரீச்சரிட்டக் கேள்" என்று அனுப்பிவிடாதீர்கள். உங்கள் வளவின் பெயர் என்ன, அதன் எல்லைகள் எவை, அது யாருடைய முதுசம், யாருடைய சீதனம் என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளை அதை எழுதி வைக்கட்டும். உறுதி இருந்தால் நகல் எடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். பழைய துன்பங்களைச் சொல்ல மனம் இடங்கொடாவிட்டால் சொல்ல வேண்டாம். எல்லைகளை மட்டும் சொன்னாலும் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படியான பாடங்களில் ஒன்றும் கொண்டுவர முடியாத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் வைத்தே பாடத்தை ஆயத்தம் செய்யுங்கள்.

அந்த மாணவி கீறிய படம் இப்போது வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவளுடைய அம்மா அதன் முன்னே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "கிணறு கீற மறந்திட்டாய், பிள்ளை" என்றார்.