3,000 ரூபாயில் கொல்லைப்புறக் குளம்: அல்லி பூக்கும், கொசு வராது!

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. சின்னதாகக் குளம் வெட்டி அல்லி, தாமரை வளர்க்க ஆசை. டவுனில் விசாரித்தால் மோட்டார், ஃபில்டர், கிரானைட் என்று 40,000 ரூபாய்க்குக் கணக்குச் சொல்கிறார்கள். கொசு வரும், பாம்பு வரும் என்று மாமியார் தடுக்கிறார். என்ன செய்வது?’

சகோதரி, 40,000 ரூபாய் தேவையில்லை. ஆனால் உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முறையாக அமைக்காத குளம் கொசுத்தொட்டியாகத்தான் முடியும். முறையாக அமைத்தால் அதில் மோட்டாரும் ஃபில்டரும் செய்யும் வேலையைச் செடிகளும் சிறு மீன்களும் செய்துவிடும். காசை ஷீட்டுக்கும் வேலிக்கும் மட்டும் செலவு செய்யுங்கள். மற்றதெல்லாம் வீட்டிலும் ஊரிலும் கிடைப்பவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வருமானத்துக்கான குளம் அல்ல. பூசைக்கு நாலு பூ, சமையலுக்கு வல்லாரையும் பொன்னாங்கண்ணியும், கோடையில் தேனீக்கும் குருவிக்கும் தண்ணீர், தோட்டத்துப் பூச்சியைத் தின்னத் தவளையும் தும்பியும். இவைதான் லாபம்.

முதலில் குழந்தை, பிறகு குளம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த வட்டாரத்தில் வீடு வீடாக அசோலாக் குழி போடச் சொல்லி ஊக்கப்படுத்தினோம். ஒரு வீட்டில் மாட்டை விற்றுவிட்டார்கள். குழி மட்டும் மழைத்தண்ணீரோடு அப்படியே கிடந்தது. ஒன்றரை வயதுக் குழந்தை தவழ்ந்து போய் அதில் விழுந்துவிட்டது. பாட்டி பார்த்துத் தூக்கியதால் பிழைத்தது. அதில் இருந்த தண்ணீர் முக்கால் அடிதான். ஷீட் வழுக்கும், சின்னக் குழந்தையால் கையை ஊன்றி எழ முடியாது. குழி போடச் சொன்ன நாங்கள் வேலி போடவும் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து வேலியைச் சொல்லாமல் நான் குழியைச் சொல்வதில்லை.

ஆகவே, தவழும் அல்லது தத்தி நடக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் குளத்தை இரண்டு, மூன்று வருடம் தள்ளிப் போடுங்கள். மற்ற வீடுகளிலும் குளத்துக்கு ஓரடி வெளியே, இரண்டரை அடி உயரத்தில் கம்பு நட்டுக் கோழிவலை கட்டுங்கள். அடைக்கும் படல் ஒன்றும் அவசியம். வேலி இருந்தாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தனியாக அங்கே விடக்கூடாது.

இடம் எது?

அல்லிக்குத் தினமும் 5, 6 மணி நேர வெயில் வேண்டும். வேம்பு, புளி, முருங்கை அடியில் வெட்டாதீர்கள். உதிரும் இலை அழுகித் தண்ணீர் நாறும். மூங்கில், தென்னைக்குப் பக்கத்தில் வேண்டாம். வேர் ஷீட்டைத் துளைக்கும். மழைத்தண்ணீர் ஓடிவந்து சேரும் பள்ளமும் ஆகாது. வயல் தண்ணீரோடு உரமும் பூச்சிமருந்தும் வந்து சேர்ந்துவிடும்.

விவசாய வீடுகளுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. மருந்து தெளித்த டேங்கைக் கழுவும் இடம் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். கழுவிய தண்ணீர் சிறிதளவு கலந்தாலே மொத்த மீனும் மிதக்கும்.

அளவும் ஷீட்டும்

8 அடி நீளம், 6 அடி அகலம் ஒரு குடும்பத்துக்குப் போதும். கயிறு கட்டிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதலில் மொத்த இடத்தையும் முக்கால் அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். பிறகு சுற்றிலும் ஓரடி அகலத்துக்குப் படி விட்டுவிட்டு, நடுவில் மட்டும் இரண்டடி ஆழம் வரை வெட்டுங்கள். படி, ஓரச் செடிகளுக்கு. நடுப்பள்ளம், அல்லிக்கும் மீனுக்கும். கோடையில் மேல் தண்ணீர் சூடானாலும் மீன் அடியில் போய்ப் பிழைத்துக்கொள்ளும். இந்த அளவில் சுமார் 1,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

கரை நாலாபுறமும் ஒரே மட்டமாக இருப்பது முக்கியம். கொத்தனார் செய்வதுபோல டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகவே வழியும், எதிர்ப்பக்கத்தில் ஷீட் வெயிலில் காயும். வெயில் படும் இடம்தான் முதலில் இற்றுப்போகும்.

ஷீட் வாங்கும் கணக்கு எளிது. நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரையில் மடிக்க 2 அடி சேருங்கள். 8+4+2 = 14 அடி. அகலம் அதேபோல் 6+4+2 = 12 அடி. மொத்தம் 168 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 16 சதுர மீட்டர். 250 ஜி.எஸ்.எம். சில்பாலின் ஷீட் கேட்டு வாங்குங்கள். சந்தையில் விற்கும் மெல்லிய நீலத் தார்ப்பாய் ஒரு கோடையைத் தாண்டாது.

குழியில் கல், வேர்த்துண்டு, கண்ணாடிச்சில் இல்லாமல் பொறுக்கிவிட்டு, இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்புங்கள். அதன்மேல் பழைய உரச்சாக்குகளைப் பிரித்து விரியுங்கள். பிறகு ஷீட். காலில் செருப்பில்லாமல் இறங்கி மடிப்புகளைச் சரிசெய்யுங்கள். கரையில் ஷீட்டை மண்ணுக்குள் மடித்துப் புதைத்து மேலே செங்கல் அடுக்குங்கள். இடுக்கில்லாமல் மண் பூசி அடுக்கினால் பாம்பு ஒதுங்க இடம் இருக்காது. ஒரு மூலையில் மட்டும் சாய்வாக ஒரு பலகையோ கல்லோ வையுங்கள். தவறி விழும் அணிலும் கோழிக்குஞ்சும் ஏறி வர அதுதான் வழி.

வீட்டில் உபயோகமில்லாத அசோலாக் குழி இருந்தால், கிழியாத அந்த ஷீட்டிலேயே இதைவிடச் சின்னக் குளம் அமைக்கலாம். பழைய மாட்டுத் தொட்டியும் நல்லதுதான். புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டி என்றால், தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விட்டு வெளியேற்றுவதை மூன்று முறை செய்யுங்கள். சிமென்ட்டின் காரம் இறங்காமல் மீன் விட்டால் பிழைக்காது.

என்ன செடி, எப்படி நடுவது?

*அல்லி:* முதல் குளத்துக்கு அல்லியே சிறந்தது. இரண்டு கிழங்கு போதும். ஓரடி அகலமுள்ள பழைய பேசின் அல்லது பாதியாக வெட்டிய பெயின்ட் வாளியில் குளத்து வண்டலையோ களிமண்ணையோ அழுத்தி நிரப்புங்கள். தொழுவுரம், மண்புழு உரம் எதுவும் கலக்க வேண்டாம். அது தண்ணீருக்குள் அழுகி மிதக்கும். கிழங்கின் குருத்து மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட்டு, மேலே ஓரங்குலம் மணல் போடுங்கள். தொட்டியை நேராக ஆழத்தில் இறக்காதீர்கள். செங்கல்மேல் வைத்து, செடிக்கு மேல் அரை அடி தண்ணீர் நிற்கும்படி பாருங்கள். இலை மேலே வர வர ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து இறக்கலாம். ஒன்றரை மாதம் கழித்து, 10 கிராம் டி.ஏ.பி.யைக் காகிதத்தில் பொதிந்து தொட்டி மண்ணுக்குள் ஆழமாகப் புதையுங்கள். தண்ணீரில் உரம் தூவினால் பாசிதான் வளரும்.

*தாமரை:* ஆசைப்பட்டால் தனித் தொட்டியில் வையுங்கள். அதன் கிழங்கு ஓடிக்கொண்டே இருக்கும், அல்லியை அமுக்கிவிடும். கிழங்கைப் படுக்கையாக வைத்து, முனைக்குருத்து மட்டும் சற்று மேல்நோக்கி இருக்கும்படி நடவேண்டும். குருத்து ஒடிந்தால் கிழங்கு வீண்.

*படியில்:* வசம்பு, வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி, கல்வாழை, சேம்பு. இவற்றில் நாலைந்து போதும். தண்ணீரில் கரையும் சத்தை இவை உறிஞ்சிக்கொள்வதால் பாசி குறையும்.

*தண்ணீருக்குள்:* வேலம்பாசி நாலு கைப்பிடி. ஒரு கல்லில் கட்டிப் போட்டால் போதும், பகலில் பிராணவாயுவை வெளியிடும்.

ஊர்க் கண்மாயில் இருந்து செடி எடுத்தால் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். ஆகாயத்தாமரையை மட்டும் கொண்டுவராதீர்கள். பூ அழகுதான், ஆனால் சில வாரங்களில் குளத்தை மூடிவிடும். அதைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினால் ஊர் ஏரிக்கும் அதே கதிதான். அசோலாவையும் இதில் விடவேண்டாம். அதற்குத் தனிக் குழியே சரி.

மொத்தத்தில் தண்ணீர்ப் பரப்பில் பாதிக்குமேல் இலை நிழல் விழவேண்டும். முழுக்க மூடவும் கூடாது.

கொசுவுக்கு மீன்

முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் 8 முதல் 10 நாள் போதும். எனவே தண்ணீர் நிரப்பி 5 முதல் 7 நாளுக்குள் மீன் விட்டுவிட வேண்டும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் என்றால், முதல் இரண்டு நாள் திறந்த வெளியில் நின்றால் குளோரின் போய்விடும். போர் தண்ணீருக்கும் இரண்டு நாள் காற்றாட நிற்பது நல்லது.

25 கப்பி மீன் போதும், தானாகப் பெருகும். அதைவிட நல்லது நம் வாய்க்காலில் இருக்கும் முண்டக்கண்ணி. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, மேல்மட்டத்திலேயே நீந்தும் சிறு மீன். புழு எங்கே மிதந்தாலும் கொத்திவிடும். கம்பூசியா என்ற வெளிநாட்டு மீனைத் தவிர்த்துவிடுங்கள். அது தவளைக் குஞ்சையும் நம்ம ஊர் மீன்குஞ்சையும் தின்னும். கட்லா, திலேப்பியா போன்ற சாப்பாட்டு மீனுக்கு இந்த இடம் போதாது.

மீன் வந்த பையை 15 நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். தினமும் தீனி போடாதீர்கள். வயிறு நிறைந்த மீன் கொசுப்புழுவைத் தேடாது. சோறு, அரிசி கழுவிய தண்ணீர் எதையும் கொட்ட வேண்டாம். வாரம் ஒருமுறை ஓரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு பாருங்கள். புழு நெளிந்தால் மீன் குறைந்துவிட்டது அல்லது இலை அடர்ந்து மீனுக்கு வழியில்லை என்று அர்த்தம். குளத்தைச் சுற்றிக் காலி வாளி, சிரட்டை கிடந்தால் கவிழ்த்துவிடுங்கள். குளத்தில் இல்லாத கொசு அங்கேதான் பிறக்கும்.

செலவுக் கணக்கு

- ஷீட் 16 சதுர மீட்டர், மீட்டருக்கு 80 ரூபாய் என்று வைத்தால்: 1,280 ரூபாய்
- கோழிவலை 36 அடி, கட்டுக்கம்பி: 800 ரூபாய்
- செங்கல் 60: 600 ரூபாய்
- அல்லிக் கிழங்கு 2, வசம்பு 1: 300 ரூபாய்
- மீன் 25: 125 ரூபாய்
- மொத்தம்: 3,105 ரூபாய்

விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையை வைத்து இதே முறையில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மண் வெட்டுவது வீட்டு ஆட்கள் இருவருக்கு ஒருநாள் வேலை. மணல், சாக்கு, கம்பு, பழைய தொட்டி ஆகியவை வீட்டிலேயே இருக்கும் என்று கொண்டிருக்கிறேன்.

மற்ற வாசகர்கள் கேட்கக்கூடியவை

*தண்ணீர் பச்சையாகிவிட்டால் மாற்ற வேண்டுமா?*
வேண்டாம். முதல் மூன்று, நாலு வாரம் பச்சையாவது இயல்பு. செடி தழைத்து நிழல் விழுந்தால் தானே தெளியும். புதுத் தண்ணீர் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நூல்பாசியை மட்டும் குச்சியில் சுற்றி எடுத்து உரக்குழியில் போடுங்கள்.

*கோடையில் எவ்வளவு தண்ணீர் செலவாகும்?*
கடும் வெயிலில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால், இந்தப் பரப்புக்குச் சுமார் 27 லிட்டர். ஏறக்குறைய இரண்டு குடம். குடிதண்ணீருக்கே திண்டாடும் ஊராக இருந்தால் குளம் வேண்டாம். பெரிய தொட்டி ஒன்றில் ஓர் அல்லியும் நாலு மீனும் வையுங்கள். மற்ற ஊர்களில் ஆடி, ஆவணியில் வெட்டினால் ஐப்பசி மழையிலேயே நிரம்பி நிற்கும்.

*பாம்பு வராதா?*
தவளை இருக்குமிடத்துக்குத் தண்ணீர்ப் பாம்பு வரலாம். அதற்கு விஷமில்லை. மற்ற பாம்புகள் ஒதுங்குவது விறகு, ஓலை, கல் குவியலில். அவற்றைக் குளத்தருகே குவிக்காமல், சுற்றிலும் புல்லை வெட்டி வையுங்கள். கொல்லைக் கதவிலிருந்து 15 அடி தள்ளி அமையுங்கள். இரவில் போனால் டார்ச் எடுத்துப் போங்கள்.

*அடியில் சேரும் சேற்றை என்ன செய்வது?*
வருடம் ஒருமுறை நாலில் ஒரு பங்குத் தண்ணீரோடு வாளியில் மொண்டு வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றுங்கள். நல்ல சத்து.

விழுப்புரம் சகோதரிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. வேலியை முதல் நாளே கட்டிவிடுங்கள், குழி வெட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மீன் விட்ட இரண்டாவது வாரம் மாமியாரை அழைத்துப்போய், ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு காட்டுங்கள். புழு இல்லாததை அவரே பார்த்துக்கொள்வார். முதல் அல்லி பூத்ததும் எழுதுங்கள்.