பெரிய காமிராவும் தகரப் பெட்டியும்

புகைப்படம் பிடிக்கிறவர்களுக்கு உண்டாகும் பைத்தியங்களில் தலைசிறந்தது, "இன்னும் பெரிய காமிரா" என்னும் பைத்தியந்தான். தொழிலுக்காகப் படம் எடுக்கிறவர் வரவு செலவு பார்த்து வாங்குவார். பொழுதுபோக்குக்காக எடுக்கிற நமக்கோ கணக்கு என்பதே கிடையாது. நல்ல வேளையாக எனக்கு ஒரு மைத்துனர் இருக்கிறார். அவருடைய காமிரா சில வாரங்களாகச் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு விருந்தாளி.

"மீடியம் பார்மட் டிஜிட்டல்" என்று அதற்குப் பெயர். பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் ஒளியை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது. கல்யாண வீடுகளில் நாம் காணும் உயர்தரக் காமிராக்களில் இந்தச் சில்லு 36-க்கு 24 மில்லிமீட்டர். இதில் 44-க்கு 33. பரப்பில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. இந்த அளவில் பூஜிபிலிம் கம்பெனியார் 2017-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த காமிரா ஐந்து கோடிப் புள்ளிகளால் படத்தை எழுதியது; 2019-ல் வந்தது பத்துக் கோடிப் புள்ளிகளால். 2021-ல் சுமார் 4,000 டாலருக்கு ஒன்று வந்தபோது, "ஆகா, விலை மலிந்துவிட்டது!" என்று உலகமெங்கும் ரசிகர்கள் கொண்டாடினார்கள். லென்ஸுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும் என்பதை அந்த ஆனந்தத்தில் யாரும் உரக்கச் சொல்லவில்லை.

முதலில் அதை ஆடித் தபசுக்கு எடுத்துச் சென்றேன். கோமதி அம்மன் தவமிருக்க, ஒரு பாதி சங்கரரும் ஒரு பாதி நாராயணருமாகச் சுவாமி காட்சி கொடுக்கும் மாலை வேளை. குடியானவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் சூறை விடுவார்கள். ஆகாயத்தில் பஞ்சு பறப்பதைப் படம் பிடிக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இந்தக் காமிரா ஆற அமர யோசிக்கிற ரகம். குறி பார்த்து, தெளிவு கூட்டி, "சரி, இப்போது எடுக்கலாம்" என்று அது தீர்மானிப்பதற்குள் பஞ்சு தரைக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில் நின்ற சிறுவன் கைத் தொலைபேசியை உயரத் தூக்கி அந்த நொடியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அவன் படம் நன்றாகவே இருந்தது.

மறுநாள் விடியற்காலையில், தெருவில் முக்காலியை நிறுத்தி ஒன்பது நிலை ராஜகோபுரத்தை எடுத்தபோதுதான் காமிராவின் குணம் புலப்பட்டது. வெளுத்த வானமும் இருண்ட மாடங்களும் ஒரே படத்தில் ஒன்றையொன்று அழிக்காமல் நின்றன. பெரிதாக்கப் பெரிதாக்க, கீழேயிருந்து கண்ணுக்கு எட்டாத சுதை வேலையெல்லாம் துலங்கியது. ஒவ்வொரு படமும் நூறு மெகாபைட்டுக்கு மேல். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டது.

இவ்வளவையும் சாய்வு நாற்காலியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த என் தகப்பனார், "நம் பரணில் இருக்கிற பழைய பிலிமை இது பார்க்குமா?" என்று கேட்டார்.

பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அதில் 'அக்பா கிளிக் 3' காமிரா ஒன்றும், காகிதத்தில் சுற்றிய நெகடிவ்களும் இருந்தன. நம் நாட்டிலேயே தயாராகி, எத்தனையோ குடும்பங்களில் முதல் காமிராவாக இருந்தது அது. 120 என்னும் பிலிம் சுருளில் அது பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கும். அந்தச் சுருள் 1901-ல் கோடக் கம்பெனியார் உலகுக்கு அளித்தது. நெகடிவை அளந்து பார்த்தேன்: 56-க்கு 56 மில்லிமீட்டர்! லட்சக்கணக்கில் விலை பெறும் புதிய காமிராவின் சில்லைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே நேயர்களே, மீடியம் பார்மட் என்னும் ஐசுவரியம் நம்முடைய வீட்டுப் பரண்களில் ஐம்பது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

தூங்கினால் பரவாயில்லை, அது செத்துக்கொண்டும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிலிமின் அடித்தளம் அஸிடேட் என்னும் பொருள். உஷ்ணத்திலும் ஈரத்திலும் அது சிதைந்து காடி நாற்றம் வீசும், சுருங்கி நெளியும், மேலிருக்கும் படம் பெயர்ந்து போகும். ஒரு சுருளில் தொடங்கினால் அதன் ஆவி அருகிலுள்ளவற்றையும் கெடுக்கும். எங்கள் பெட்டியில் ஏழு சுருள்களில் இரண்டு போயே போய்விட்டன.

மற்ற ஐந்தையும் படமெடுத்தேன். வேலை கடினமல்ல. சீரான வெளிச்சம் தரும் பலகைமேல் நெகடிவை வைத்து, காமிராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கிட்டத்தில் பார்க்கும் லென்ஸால் எடுத்து, கறுப்பு வெளுப்பைக் கம்ப்யூட்டரில் மாற்றவேண்டும். திருவிழாவில் குறையாக இருந்த நிதானம் இங்கே பெரிய குணமாகிவிட்டது.

1971-ல் எடுத்த படம் ஒன்று. என் அத்தை தறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலமாகி நாற்பது வருஷமாகிறது. வேறு படம் கிடையாது. ஆல்பத்தில் இருந்த சின்னஞ்சிறு பிரதியில் முகம் ஒரு வெள்ளைத் திட்டு. நெகடிவிலோ முகம் முழுவதும் இருந்தது! அந்தப் பெட்டிக் காமிராவின் லென்ஸ் எளியது, ஓரங்களெல்லாம் மங்கல். ஆனால் நடுவில் உட்கார்ந்திருந்த அத்தையின் கண்ணிமையும், நெற்றியில் ஒட்டிய முடியும், மூக்குத்தியும், தறியில் பாவு இழைகளும் தெளிவாக வந்தன. ஒரு முழம் அகலத்துக்கு அச்சிட்டுக் கொடுத்தேன்.

தகப்பனார் வெகுநேரம் பார்த்தார். "அக்காவுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. நான் கல்லால் அடித்தது" என்றார். தழும்பு இருந்தது.

நேற்று அடுத்த தெருவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வந்து சேர்ந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் லேசாகக் காடி வாசனை அடித்தது.