ஹீட்டர் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

உங்கள் பிள்ளையோ உறவினரோ படிக்கவோ வேலைக்கோ குளிர் நாட்டுக்குப் புறப்படுகிறார்களா? கம்பளிச் சட்டை, மிளகாய்த்தூள், மருந்து என்று பெட்டியை நிரப்பும் நாம், அவர்கள் தங்கப்போகும் வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அறிவியல் ஆசிரியரான நானும் கேட்கவில்லை.

என் அக்கா குடும்பம் நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்காகில் நகருக்கு வெளியே ஒரு கிராமத்தில் குடியேறியது. அத்தானுக்குப் பால்பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. கையிருப்புக்கு ஏற்ப, 1950-களில் கட்டிய பழைய வீடு ஒன்றை வாங்கினார்கள். ஜூன் விடுமுறையில் நான் போனபோது அங்கே குளிர்காலம். வீட்டைப் பார்த்ததும் நாங்கள் வளர்ந்த தோட்டத்து வீடு நினைவுக்கு வந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, தரைக்கு அடியில் காற்று புகும் இடைவெளி. நம் வெக்கைக்கு அது அருமையான அமைப்பு. அங்கேயோ, காலையில் வரவேற்பறை வெப்பமானி 9 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஏழு வயது மருமகன் இரவெல்லாம் மூச்சு இளைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி. அக்கா செய்தது, நாம் எல்லாரும் செய்யக்கூடியதுதான். ஹீட்டர் வாங்கினார். பின்பக்கம் 9 கிலோ எரிவாயுத் தோம்பு வைக்கும் வகை, புகைக்குழாய் கிடையாது.

“தம்பி, இதப் போட்டா சூடாத்தான் இருக்கு. ஆனா காலையில பாரு, ஜன்னலெல்லாம் அழுவுது” என்றார்.

ஜன்னல் ஏன் அழுகிறது? எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. கணக்குப் போட்டால், 1 கிலோ எரிவாயு எரிந்து ஒன்றரை கிலோவுக்கும் அதிகமான நீராவியை அறைக்குள் விடுகிறது. ஒரு தோம்பு முடிவதற்குள் ஏறக்குறைய 14 லிட்டர் தண்ணீர்! அந்த நீராவி குளிர்ந்த கண்ணாடியிலும் சுவரிலும் பட்டு நீராகிறது. ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. பூஞ்சணமும் குளிரும் சேர்ந்தால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இளைப்பு மோசமாகும். அதைவிட ஆபத்து கார்பன் மோனாக்சைடு. காற்றோட்டம் இல்லாத அறையில் சேரும் அந்த நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

அப்படியானால் என்ன வழி? இரண்டாம் படிவ மாணவர்களுக்கு நான் சொல்லும் பாடம்தான்: வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். ஓட்டை வாளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிறையாது. வெப்பக் காப்பு இல்லாத வீட்டில் கூரை வழியாக மட்டுமே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பம் வெளியேறுகிறது. புதிய வீடுகளுக்கு வெப்பக் காப்பு கட்டாயம் என்ற விதி நியூசிலாந்தில் 1978-இல்தான் வந்தது. அக்காவின் வீடு அதற்கு முந்தியது.

ஆகவே வேலையைக் கூரையிலிருந்து தொடங்கினோம். உட்கூரைக்கு மேலே கண்ணாடிக் கம்பளி பரப்பப்பட்டது. உண்மையில் வெப்பத்தைத் தடுப்பது கம்பளி இழை அல்ல, இழைகளுக்கிடையே அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. அசையாத காற்று, கண்ணாடியைவிட ஏறக்குறைய 40 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். அடுத்து, தரைப் பலகைக்கு அடியிலும் காப்பு; மண்ணின் ஈரம் மேலே ஏறாதபடி நிலத்தின்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு. பிறகு கதவிடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, ஜன்னல்களுக்குத் தரை தொடும் தடித்த திரை.

கடைசியாகத்தான் ஹீட் பம்ப். இது நம் வீட்டு ஏர்கோனைத் திருப்பிப் போட்டது போல வேலை செய்யும். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இறைப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் சற்றுக் குறையும். எரிவாயு ஹீட்டரை அத்தான் அப்புறப்படுத்தினார்.

இன்னொன்றையும் அக்காவிடம் சொன்னேன்: தினமும் பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திற. குளிர்காற்றை ஏன் உள்ளே விட வேண்டும் என்று கேட்டார். 5 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 18 டிகிரியில் 15 கிராம் தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடேறினால் உலர்ந்த காற்றாகிவிடும். மழை பெய்யும் நாளிலும் இது பொருந்தும்.

இதற்குச் சான்றும் உண்டு. ஒட்டாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப்பா ஹவ்டன்-சாப்மன் குழு, நியூசிலாந்தில் 1,350 வீடுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டது. காப்பு போட்ட வீடுகளில் படுக்கையறை வெப்பம் கூடியது வெறும் அரை டிகிரிதான். ஆனால் ஈரப்பதம் குறைந்தது. இளைப்பு குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்களும் குறைந்தன.

மறு ஆண்டு ஜூலையில் அக்கா வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பினார். விடியலில் 14 டிகிரி; ஹீட் பம்ப் போட்ட கொஞ்ச நேரத்தில் 18. மருமகனுக்கு இளைப்பு அடியோடு போகவில்லை, மருந்து இன்னும் பையில்தான் இருக்கிறது. ஆனால் இரவில் தூங்குகிறான்.

உங்கள் பிள்ளை குளிர் நாட்டில் வீடு பார்க்கும்போது இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்: கூரையிலும் தரையிலும் வெப்பக் காப்பு உண்டா? என்ன வகை ஹீட்டர், புகைக்குழாய் இருக்கிறதா? கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உண்டா? ஜன்னல்களைத் திறக்க முடியுமா? சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? பெட்டியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வையுங்கள்.