மழைக்குப் பின் மலைத்தடங்கள் உலரும் முறை

மலைத்தடம் உலர்தல் என்பது, மழையில் நனைந்து இளகிய மண்பாதை மீண்டும் காலையும் சக்கரத்தையும் தாங்கும் உறுதியைப் பெறுவதாகும். மழை நின்றபின் மலைமிதிவண்டி ஓட்டுவோர் எப்போது தடத்தில் இறங்கலாம் என்பதை இதுவே முடிவு செய்கிறது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உள்ள மலைத்தடங்கள் பெரும்பாலும் விளையாட்டுக்காகப் போடப்பட்டவை அல்ல. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையைப் போன்றவை, தோட்டங்களுக்கும் மலைக்கிராமங்களுக்கும் ஆட்களும் சுமையும் போய்வந்த வழிகள். போடிநாயக்கனூருக்கு மேலுள்ள, சாலை எட்டாத ஊர்களுக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரைகளில் சென்றிருக்கின்றன. எனவே ஈரத்தடத்தில் ஏற்படும் சேதம் வண்டி ஓட்டுபவரோடு முடிவதில்லை.

நீர் வெளியேறும் வழிகள்

தடத்தில் விழுந்த மழைநீர் மூன்று வழிகளில் நீங்குகிறது. முதலாவது, சரிவில் வழிந்தோடுதல். மழை நின்ற சிறிது நேரத்தில் இது முடிந்துவிடும். இரண்டாவது, மண்ணின் பெரிய இடைவெளிகள் வழியே கீழே வடிதல். மணற்பாங்கான மண்ணில் இதற்கு ஏறத்தாழ ஒரு நாளும், களிமண்ணில் 2 அல்லது 3 நாட்களும் அதற்கு மேலும் ஆகலாம். மூன்றாவது, வெயிலாலும் காற்றாலும் ஆவியாதல். ஓரத்து மரஞ்செடிகளும் வேரால் நீரை உறிஞ்சி, நீராவிப்போக்கின் மூலம் வெளியேற்றுகின்றன.

ஆவியாதல் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டத்தில், நுண்புழை ஏற்றத்தால் அடிமண்ணின் நீர் மேலே வந்துகொண்டே இருப்பதால் தடம் வேகமாக உலர்கிறது. மேற்பரப்பு காய்ந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. காய்ந்த மேல்மண் போர்வைபோல் மூடிக்கொள்ள, உள்ளிருக்கும் ஈரம் மெதுவாகவே வெளியேறுகிறது. மானாவாரி நிலத்தில் மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கி ஈரத்தைக் காப்பதும் இதே அடிப்படையில்தான். இதனால், வெளிர்நிறமாகக் காய்ந்து தெரியும் தடத்திலும் இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் இளகியிருக்கலாம்.

மண்ணும் பருவமும்

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். துகள் சிறிதானால் இடைவெளியும் சிறிதாகி, நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பாறையும் சரளையும் கலந்த தடம் விரைவில் உலரும். களி மிகுந்த செம்மண் தடம் தாமதிக்கும். மக்கிய இலை மூடிய சோலைநிழல் தடம் இன்னும் தாமதிக்கும்.

ஒரே தடம் எல்லாப் பருவத்திலும் ஒரே வேகத்தில் உலர்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி மழைமறைவில் இருக்கிறது. மலையோரத்தில் சாரல் விழுந்தாலும், கம்பம் கணவாய் வழியே வீசும் பலத்த காற்று வெட்டவெளித் தடங்களை விரைவில் உலர்த்துகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் நிலைமை வேறு. காற்றில் ஈரப்பதம் அதிகம், மேகமூட்டமும் உண்டு. ஒரு மழையின் ஈரம் வடியும் முன்பே அடுத்த மழை வந்துவிடுகிறது.

சரிவின் திசையும் முக்கியம். போடிமெட்டு, கம்பம்மெட்டுப் பக்கத்து மலைச்சரிவுகள் கிழக்கு நோக்கியவை. அவற்றுக்குக் காலை வெயில் கிடைத்தாலும் பிற்பகலில் நிழல் சீக்கிரம் விழுகிறது. எதிரே மேகமலையின் மேற்குச் சரிவுகளில் பிற்பகல் வெயில் படுகிறது.

ஈரத்தில் ஓட்டினால் நேர்வது

இளகிய மண்ணில் சக்கரம் அழுந்தும்போது நீளவாக்கில் பள்ளம் விழுகிறது. மண் இறுகி, நீர் இறங்கும் இடைவெளிகள் அடைபடுகின்றன. அடுத்த மழையின் நீர் தடத்தைக் குறுக்கே கடந்து சரிவில் இறங்காமல், அந்தப் பள்ளத்தின் வழியே ஓடி மண்ணை அரிக்கிறது. நாளடைவில் பாதையே ஓடையாகிறது. சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஓட்டுவதும் நல்லதல்ல. ஒற்றையடிப் பாதை அகன்று, ஓரத்துச் செடிகள் அழிகின்றன.

தடத்தின் அமைப்பு

விரைவில் உலரும் தடம் நீரைத் தன்மேல் ஓடவிடாது. சர்வதேச மலைமிதிவண்டிச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, தடத்தின் ஏற்றம் அது கடக்கும் மலைச்சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது. சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. தடத்தின் மேற்பரப்பு பள்ளத்தாக்குப் பக்கமாக ஏறத்தாழ 5 விழுக்காடு சாய்ந்திருக்க வேண்டும். இறக்கத்தின் நடுவே சிறு ஏற்றங்கள் அமைத்தால், நீர் அங்கங்கே வெளியேறும்.

பதம் பார்த்தல்

உழவர் நிலத்தின் பதம் பார்ப்பதுபோல் தடத்தையும் சோதிக்கலாம். மேல்மண்ணை விலக்கி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்ட வேண்டும். திரிபோல் நீண்டாலும், விரலில் பசைபோல் ஒட்டினாலும் தடம் தயாராகவில்லை. உதிர்ந்தால் ஓட்டலாம். மணற்பாங்கான மண் ஈரத்திலும் திரியாகாது. அங்கே கால் அழுந்தும் ஆழத்தைப் பார்க்க வேண்டும். தடத்தின் மிக நிழலான, தாழ்வான இடத்தில் இச்சோதனையைச் செய்வதே சரி. வெயில் படும் தொடக்க இடம் காய்ந்திருப்பதை வைத்து முழுத் தடத்தையும் கணிக்க முடியாது.

தடம் உலர்ந்திருந்தாலும், காப்புக்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. மேகமலைக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும்.