மாட்டுக்காரன் பாட்டும் மளிகைக் கடைக் கல்லாவும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் கூமாப்பட்டியில் மாட்டுக்காரர் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. காலையில் மாட்டை ஓட்டிப் போய், பொழுது சாயத் திரும்பி, வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் நின்று ஒரு கிலோ அரிசியும் கொஞ்சம் வெற்றிலை பாக்கும் வாங்கிப் போகிறவர். நம் பற்று வரவு நோட்டில் அவர் பெயர் இருக்கும். பெரிய தொகை இருக்காது. அதனாலேயே அவரைப் பெரிய வாடிக்கையாளராக நாம் நினைப்பதில்லை.

அந்த மாட்டுக்காரரையே கதாநாயகனாக்கி, அவர் வாயில் ஒரு பாட்டையும் கொடுத்து, பெரும் வியாபாரம் செய்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு. கேட்டால் சினிமாக் கதை போல இருக்கும். உள்ளே போனால் முழுக்க முழுக்க நம் கடை வீதிக் கதை.

சி சென்டர் நாயகன்

1970 பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். நடித்த 'மாட்டுக்கார வேலன்' வெளிவந்தது. இரட்டை வேடத்தில் ஒன்று மாடு மேய்ப்பவர், இன்னொன்று வக்கீல். கே.வி.மகாதேவன் இசை, டி.எம்.சௌந்தரராஜன் குரல். வக்கீலைவிட மாட்டுக்காரன் பெயர்தான் படத்துக்கு வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். கொட்டகையில் தரை டிக்கெட் வாங்குகிறவர் யார் என்று தெரிந்து வைத்த பெயர் அது.

பதினேழு ஆண்டுகள் கழித்து 1987-ல் 'எங்க ஊரு பாட்டுக்காரன்' வந்தது. கங்கை அமரன் இயக்கம், இளையராஜா இசை, ராமராஜன் கதாநாயகன். பசுவைப் பார்த்து அவர் பாடுவதாக வரும் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் மனோ. அந்தப் பாட்டு ஒலிக்காத டீக்கடை அன்று நம் பக்கத்தில் இல்லை. 1989-ல் இதே கூட்டணியின் 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது.

நகரத்தில் அவருடைய பளீர் நிறச் சட்டைகளைக் கேலி செய்தார்கள். ஆனால் மேலூரில் சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்து வந்தவர் அவர். எந்தக் கூட்டம் எதற்குக் கைதட்டும் என்பதை வாசலில் நின்று பார்த்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்நாளில் சினிமா விநியோகஸ்தர்கள் ஊர்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். மதுரை - ராமநாதபுரம் ஏரியா என்ற கணக்கில் நம் பகுதி வரும். கூமாப்பட்டி போன்ற ஊர்கள் எல்லாம் 'சி'. நகரத்தில் ஓடி முடித்து, கீறல் விழுந்த பிறகுதான் படப்பெட்டி அங்கே வந்து சேரும். ஒரு டிக்கெட்டின் விலை சொற்பம். ஆனால் அப்படிப்பட்ட ஊர்கள் எத்தனை! சொற்பத்தைப் பல ஊர்களால் பெருக்கிப் பார்த்தவர்களுக்கு ராமராஜன் படம் லாபம் தந்தது. அதே 1980-களில் கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பு சாஷே பாக்கெட்டாக நம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கியதும் இந்தக் கணக்கில்தான். பாட்டில் வாங்க முடியாதவரும் ஷாம்பு வாங்குவார் என்று நம்பியவர்கள் பிழைத்தார்கள்.

குதிரையும் கிடாரும்

'கௌபாய்' என்ற சொல் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் புத்தகங்களில் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறும் வீரர்களைப் பல தலைமுறைப் பிள்ளைகள் பார்த்து விட்டார்கள். கௌபாய் என்பதற்கு நேர் பொருள் மாட்டுக்காரன்தான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெரும் மந்தைகளை ஓட்டிச் சென்ற கூலித் தொழிலாளி அவர்.

1927-ல் அமெரிக்க சினிமா பேசத் தொடங்கியபோது இந்தக் குதிரைப் படங்களுக்கு நெருக்கடி வந்தது. அக்கால ஒலிப்பதிவுக் கருவிகளை மூடிய ஸ்டுடியோவுக்குள் வைத்துத்தான் வேலை செய்ய முடிந்தது. குதிரையோ வெளியில் ஓட வேண்டும். 1929-ல் வந்த 'இன் ஓல்ட் அரிசோனா' வெட்டவெளியிலும் ஒலியைப் பதிவு செய்யலாம் என்று காட்டியது. அதே ஆண்டு கென் மேனார்ட் என்ற நடிகர் குதிரைப் படத்தில் பாடியும் விட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1931 அக்டோபர் 31-ல், சென்னையில் 'காளிதாஸ்' வெளியானபோது நம் மக்களும் முக்கியமாகக் கேட்டது பாட்டைத்தான். புதுக் கருவி எந்த ஊரில் வந்தாலும் முதலில் விலை போனது பாட்டு!

பாடத் தெரியாதவர்களும் இதில் மாட்டிக் கொண்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற ஜான் வேய்ன் 1933-ல் ஒரு படத்தில் பாடும் வீரனாக வந்தார், குரல் வேறொருவருடையது. நம் ஊரில் பின்னணிப் பாட்டு வழக்கமாகி விட்டது. அங்கே ரசிகர்கள் நேரில் பாடச் சொல்லிக் கேட்டதால் அவர் அந்த வேடத்தையே விட்டு விட்டார்.

உண்மையாகவே பாடத் தெரிந்தவர் ஜீன் ஆட்ரி. ரயில்வேயில் தந்தி குமாஸ்தாவாக இருந்து, ரேடியோவில் பாடகராகி, 1934-ல் சினிமாவுக்கு வந்தவர். 1935-ல் வந்த அவருடைய தொடர் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பூமிக்கடியில் ஒரு ராஜ்யம், அங்கே அவரைச் சிறை பிடிக்கிறார்கள். எத்தனை ஆபத்து வந்தாலும் தினமும் குறித்த நேரத்துக்கு மேலே ஏறி வந்து ரேடியோவில் பாட வேண்டும். தவறினால் ஒப்பந்தம் போய் விடும். காலை ஐந்தரைக்குக் கடை திறந்து பால் பாக்கெட் எடுத்து வைக்கிற நம்மவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

அவரை வைத்துப் படம் எடுத்த ரிபப்ளிக் கம்பெனி பிறந்த விதமும் கேட்கத்தக்கது. ஹெர்பர்ட் யேட்ஸ் என்பவர் பிலிம் கழுவிப் பிரின்ட் போடும் லேப் வைத்திருந்தார். சிறு படக் கம்பெனிகள் அவரிடம் கடனுக்கு வேலை வாங்கி, பாக்கியைச் சுமந்து நின்றன. 1935-ல் அவர் அந்தப் பாக்கிக்காரர்களையே ஒன்றாகச் சேர்த்து ஒரு கம்பெனி ஆக்கினார். நின்று போன பாக்கியை வியாபாரமாக மாற்றிய மொத்த வியாபாரி என்று அவரைச் சொல்லலாம். எடுத்தது எல்லாம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ ஓடும் மலிவுப் படங்கள். நியூயார்க்கின் பெரிய கொட்டகைகள் கண்டுகொள்ளவில்லை. சிற்றூர்கள் விழுந்து விழுந்து பார்த்தன. 1940-ல் கொட்டகைக்காரர்களிடம் எடுத்த கணக்கில் அமெரிக்காவின் எல்லா நட்சத்திரங்களுக்கும் நடுவே ஆட்ரிக்கு நான்காவது இடம் கிடைத்தது.

பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கடை

ஆட்ரி பாடிப் பெயர் வாங்கிய சிகாகோ ரேடியோ நிலையத்தின் பெயர் டபிள்யூ.எல்.எஸ். 'உலகின் மிகப் பெரிய கடை' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 1924-ல் அதைத் தொடங்கியது சியர்ஸ் ரோபக். தபாலில் சரக்கு அனுப்பும் நிறுவனம் அது. நான்காண்டில் நிலையத்தைக் கைமாற்றி விட்டாலும், ஆட்ரியின் பெயர் போட்ட கிடாரைத் தன் விலைப்பட்டியல் புத்தகத்தில் போட்டு விற்றது.

நம் காலத்து ஆன்லைன் வியாபாரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். பட்டியலைப் பார்த்து எழுதிப் போட்டால் துணி, மருந்து, கலப்பை எல்லாம் வீடு தேடி வரும். கிராமத்துக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். சில ஊர்களில் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லித் தெருவில் போட்டு எரித்ததும் நடந்தது. எரித்ததால் சியர்ஸ் நிற்கவில்லை.

பலன் தந்தது வேறு வழி. 1930-களில் கடும் மந்தம். சோளம் விளையும் மத்திய மேற்கு மாநிலங்களில் பல ஊர் வணிகர்கள் சேர்ந்து பணம் போட்டு, வாரத்தில் ஒரு மாலை இலவசப் படம் காட்டினார்கள். கட்டிடச் சுவரோ கட்டிய வெள்ளைத் துணியோ திரை. பெரும்பாலும் மலிவான குதிரைப் படங்கள். படம் பார்க்க விவசாயக் குடும்பங்கள் பொழுதோடு ஊருக்குள் வரும். படம் தொடங்குமுன் மாவும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வாங்கி வண்டியில் ஏற்றி விடும். கொட்டகைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 'தட்டு இரவு' என்று வைத்து, டிக்கெட் வாங்கும் பெண்களுக்கு வாரம் ஒரு பீங்கான் தட்டு கொடுத்தார்கள். செட் நிறைய வேண்டுமானால் வாரா வாரம் வர வேண்டும். இன்று நாம் கொடுக்கும் தீபாவளிக் கூப்பனுக்கு அண்ணன் முறை இது.

யாரும் கவனிக்காத வாடிக்கையாளர் அங்கும் இருந்தார். கறுப்பின மக்களுக்குத் தனிக் கொட்டகை என்றிருந்த காலத்தில், அவர்களுக்கென்று ஒரு பாடும் வீரன் இல்லை. 1937-ல் ஹெர்ப் ஜெஃப்ரிஸ் 'ஹார்லம் ஆன் த பிரெய்ரி' படத்தில் குதிரையேறிப் பாடினார். தம் முகத்தைத் திரையில் தேடிய மக்கள் காசு கொடுத்து வந்தார்கள்.

ஓடும் சரக்கோடு ஓடாத சரக்கு

"இந்த எண்ணெய் வேண்டுமென்றால் அந்த சோப்பும் நான்கு பெட்டி எடுக்க வேண்டும்" என்று நம்மிடம் சொல்லாத ஏஜென்சி உண்டா? ரிபப்ளிக் கம்பெனியும் இதையே செய்தது. ஆட்ரி படம் வேண்டும் என்ற கொட்டகைக்காரர் தலையில் ஓடாத படங்களையும் கட்டியது. 1938-ல் ஆட்ரி வேலைக்குப் போகாமல் நின்றார். சம்பளம் ஒரு காரணம்; சிற்றூர்க் கொட்டகைக்காரர்களை இப்படி வதைப்பது இன்னொரு காரணம். சம்பளத்தில் சமரசம் ஆயிற்று. கட்டி விற்பது தொடர்ந்தது. கடைசியில் பெரிய கம்பெனிகள் மீது நடந்த வழக்கில் 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தைச் சட்ட விரோதம் என்றது. ஒரு நட்சத்திரம் தனியாக முறுக்கிக் கொண்டு முடியாதது அது. தனித்தனியாக முணுமுணுக்கும் நம் சில்லறைக் கடைகளுக்கும் இது பொருந்தும்.

ஆட்ரி நின்ற இடைவெளியில் கம்பெனி ராய் ராஜர்ஸ் என்ற பாடகரைக் கொண்டு வந்தது. அவர் கெட்டிக்காரர். 1940-ல் தன் பெயரையும் உருவத்தையும் குரலையும் பொருள்களில் போட்டு விற்கும் உரிமை தனக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். பிறகு பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா வரை அவர் படம் வந்தது. சொந்த மிளகாய்த்தூள், அப்பளம், நல்லெண்ணெய்க்குப் பெயர் வைத்து விற்கும் நம் வணிகர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்கள்? பெயர் ஊரெல்லாம் தெரிந்த பிறகு ஓடுவதைவிட, தெரியுமுன் பதிவது செலவு குறைவு.

கொட்டகை மூடிய பிறகு

டெலிவிஷன் வந்ததும் அமெரிக்காவின் மலிவுக் குதிரைப் படங்கள் 1950-களின் நடுவில் முடிந்தன. ஆட்ரி அதற்குள் சொந்தக் கம்பெனி தொடங்கி 1950-லேயே டெலிவிஷனுக்குப் போயிருந்தார். ரேடியோ நிலையங்கள் வாங்கினார். 1961-ல் ஒரு பேஸ்பால் குழுவுக்கே முதலாளியானார். 1998-ல் 91 வயதில் மறைந்தபோது பெரும் செல்வந்தர்.

இங்கும் அதே கதை. 1993-ல் சன் டி.வி. வந்தது. வீட்டுக்குள்ளேயே பாட்டு வந்த பிறகு சி சென்டர் கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாயின, கிட்டங்கியாயின. ராமராஜன் 1998-ல் திருச்செந்தூர் தொகுதி எம்.பி. ஆனார், நீண்ட இடைவெளிக்குப் பின் 2024-ல் 'சாமானியன்' படத்தில் நடித்தார். கொட்டகை வாசலில் சோடாவும் முறுக்கும் விற்றவர்களுக்குத்தான் போக வேறு இடம் இல்லை.

ஆனால் ஊருக்குக் கூட்டம் வரும் வழி அடைபட்டு விடவில்லை. 2025 ஜூனில் கூமாப்பட்டி இளைஞர் ஒருவர் தன் ஊரின் தண்ணீரையும் தோப்பையும் பற்றிச் செல்போனில் பேசிப் பதிவிட்டார். சில நாட்களில் தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெயரைச் சொன்னது. பிளவக்கல் அணையைத் தேடி வெளியூர் வண்டிகள் வந்தன. அணையில் இறங்கிக் குளிக்க அனுமதியில்லை என்று தெரிந்து திரும்பியவர்களும் உண்டு.

பாட்டோ பேச்சோ ஒருமுறை ஆளை அழைத்து வரும். வந்தவர் மறுபடி வருவது, அங்கே அவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்தது. நல்ல குடிநீர், சுத்தமான கழிப்பறை, சரியான விலை, உள்ளூர்த் தேங்காயும் மாம்பழமும் வாங்க ஒரு வசதியான இடம்: இவற்றை ஒரு கடைக்காரர் தனியாகச் செய்ய முடியாது, ஊர்ச் சங்கம் செய்யலாம். மந்த காலத்தில் சுவரில் படம் காட்டிய அந்த அமெரிக்க வணிகர்கள் கைக்காசைச் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். அந்தக் கூட்டத்துக்கு முன், ஒரு கிலோ அரிசி வாங்கிப் போகும் நம் மாட்டுக்காரரிடம், "அண்ணே, நம் கடையில் இல்லாமல் வெளியூரில் போய் எதை வாங்குறீங்க?" என்று கேட்டு வையுங்கள். அவர் சொல்வது நம் அடுத்த கொள்முதலுக்கு உதவும்.