கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டுமா?

"என்னைக் கொஞ்சம் தனியா விடு." அலுவலகக் களைப்பும் காலையில் பாதியில் நின்ற சண்டையும் சேர்ந்து எழுதவைத்த செய்தி அது. அனுப்பியவர் கேட்டது ஓய்வு. வாங்கியவருக்கோ முகத்தில் கதவைச் சாத்தியதுபோல் இருக்கிறது. நீல டிக் விழுகிறது. பத்து நிமிடத்தில் ஏழு மிஸ்டு கால்.

தனிமை கேட்டது தவறில்லை. கேட்ட விதத்தில்தான் கோளாறு.

உடல் கேட்கும் ஓய்வு

சண்டை முற்றும்போது அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதியரைப் பேசவிட்டு அவர்களின் இதயத் துடிப்பை அளந்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், எதிரில் இருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது கடினம் என்கிறார்.

அவரது குழுவின் ஓர் ஆய்வில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். மறுபடி பேசத் தொடங்கியபோது துடிப்பு இறங்கியிருந்தது. பேச்சிலும் காரம் குறைந்திருந்தது. உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பது காட்மனின் கணக்கு. அந்த நேரத்தையும் "அவ எப்படி அப்படிச் சொல்லலாம்?" என்று மனசுக்குள் சண்டையைத் தொடர்ந்தே கழித்தால் படபடப்பு இறங்காது.

எழுத்தில் குரல் கேட்காது

நேரில் "கொஞ்சம் விடேன்" என்றால் அது கெஞ்சலா எரிச்சலா என்று குரலே காட்டிக்கொடுத்துவிடும். செல்பேசித் திரையில் அந்த வசதி இல்லை. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகவும் நிஜமாகவும் சொன்ன வாக்கியங்களைப் பிரித்தறியச் சொன்னார்கள். குரலில் கேட்டவர்கள் சுமார் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிடக் கொஞ்சம் மேல். எழுதி அனுப்பியவர்களோ, தங்கள் தொனி பெரும்பாலும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றே நம்பினார்கள்.

வெறும் "ம்", வெறும் "சரி" வீட்டில் பூகம்பத்தைக் கிளப்புவது இதனால்தான்.

மூன்று தகவல் போதும்

ஏன் தனிமை வேண்டும், எவ்வளவு நேரம், திரும்ப எப்போது பேசலாம்: இந்த மூன்றும் இருந்தால் படிப்பவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. காரணத்தைத் தன் பக்கத்திலிருந்து சொல்வது முக்கியம். "நீ எப்பப் பார்த்தாலும் நச்சரிக்கிற" என்றால் பதிலுக்கு ஒரு குற்றச்சாட்டுதான் வரும்.

சண்டைக்கு நடுவில்: "தலை சூடா இருக்குப்பா. இப்ப பேசுனா தப்பா ஏதாவது சொல்லிடுவேன். ஒன்பது மணிக்கு நானே கூப்பிடுறேன்."

சண்டையே இல்லாத நாளில்: "இன்னைக்கு ஆபீஸ்ல ஆளைப் பிழிஞ்சுட்டாங்க. வந்ததும் அரை மணி நேரம் மாடியில சும்மா உட்காரணும்போல இருக்கு. உன்மேல கோவம் இல்ல. அப்புறம் சேர்ந்து சாப்பிடலாம்."

சொன்னபடி ஒன்பது மணிக்கு அழைப்பு போயாக வேண்டும். மனசு இன்னும் ஆறவில்லை என்றால், "நாளைக்குக் காலையில பேசலாமா?" என்று அதற்கு முன்பே கேட்டுவிடலாம். இடையில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூடகமாகச் சோகப் பாட்டு வைப்பது, கேட்ட தனிமையைத் தானே கெடுத்துக்கொள்வது.

செய்தி கிடைத்தவர் பக்கம்

ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவதும், ஒதுங்க ஒதுங்க முன்னவர் மேலும் துரத்துவதும் தம்பதியர் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் சுழல். அதை உடைக்க, "சரிப்பா, ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்ற ஒரு வரி போதும். காத்திருக்கும் நேரத்தில் மாமியாருக்குப் போன் போட்டுப் பஞ்சாயத்து வைப்பதைவிட, தெருமுனைவரை நடந்துவிட்டு வரலாம்.

வேறு உதவி தேவைப்படும்போது

நாள்கணக்கில் பதிலே போடாமல் துணையைத் தவிக்கவிடுவது இடைவெளி ஆகாது, அது தண்டனை. தனிமை கேட்டாலே மிரட்டல், செல்பேசியைப் பறித்துச் சோதிப்பது, அடி என்று போனால், அதைச் செய்தியின் வார்த்தைகளை மாற்றிச் சரிசெய்ய முடியாது. இந்தியாவில் பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். மனம் தாங்க முடியாமல் தவிப்பவர்கள் யாராக இருந்தாலும், டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.